படிக்கப் பிடிக்காத பதின்பருவத்தினருக்கு விறுவிறுப்பான அறிவியல் புனைகதை: தேர்ந்தெடுப்பது முதல் கையில் கொடுப்பது வரை

"எனக்குப் படிக்கவே பிடிக்காது" என்று சொல்லும் பதினாலு வயதுப் பிள்ளை, ஒரு வெப்சீரிஸின் எட்டு எபிசோடையும் ஒரே ராத்திரியில் பார்த்து முடித்திருக்கும். கதை கேட்கும் பசி அந்தப் பிள்ளைக்கு நிறையவே இருக்கிறது. புத்தகம் அந்தப் பசியைத் தீர்க்கும் என்ற நம்பிக்கைதான் இல்லை. அந்த நம்பிக்கையை முதல் இருபது பக்கத்துக்குள் உண்டாக்க வேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த இருபது பக்கத்தைப் பற்றியதுதான்.

அறிவியல் புனைகதை இதற்கு நல்ல தேர்வு, அதோடு கொஞ்சம் ஆபத்தான தேர்வும்கூட. நல்லது, ஏனென்றால் "இப்படி ஒரு உலகம் இருந்தால் நீ என்ன செய்வாய்?" என்ற கேள்வி பதின்பருவத்தினரை உடனே பிடித்துக்கொள்ளும். ஆபத்து, ஏனென்றால் புது உலகம் என்றால் புதுப் பெயர்கள், புது விதிகள், புதுக் கருவிகள். எல்லாவற்றையும் முதல் அத்தியாயத்திலேயே தலையில் ஏற்றினால், படித்துப் பழகாதவர் மூன்றாம் பக்கத்தில் மூடிவைத்துவிடுவார். என் கருத்தில் இந்த வயதினரை விரட்டுவது புத்தகத்தின் தடிமன் இல்லை, தொடக்கத்தில் இருக்கும் இந்தச் சுமைதான்.

முதலில், ஏன் படிப்பதில்லை என்று பாருங்கள்

படிக்காத எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. சிலருக்கு வாசிப்பே சிரமம். வரியைத் தவறவிடுவார்கள், ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படிப்பார்கள், அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு "போர் அடிக்குது" என்பார்கள். சிலருக்கு நன்றாகவே படிக்க வரும், ஆனால் பாடத்துக்காகப் படித்ததெல்லாம் சலிப்பைத்தான் தந்திருக்கும். இன்னும் சிலர் பத்து வயது வரை புத்தகமும் கையுமாக இருந்தவர்கள், சிறுவர் கதைகளை விட்டு வெளியே வந்த பிறகு அடுத்து என்ன படிப்பது என்று தெரியாமல் நின்றுபோனவர்கள். இந்த மூன்றாவது ரகத்தைத் திரும்பக் கொண்டுவருவது எளிது. சரியான ஒரு புத்தகம் கிடைத்தாலே போதும்.

முதல் ரகத்துக்குத்தான் கூடுதல் கவனம் வேண்டும். கீத் ஸ்டானோவிச் என்ற உளவியலாளர் 1986-இல் எழுதிய கட்டுரை ஒன்று வாசிப்பு ஆய்வில் இன்றும் பேசப்படுகிறது. குறைவாகப் படிப்பவருக்கு வேகம் கூடுவதில்லை, வேகம் இல்லாததால் இன்னும் குறைவாகப் படிக்கிறார், இடைவெளி வருஷா வருஷம் பெரிதாகிறது என்பது அதன் சாரம். அதனால் இவர்களுக்குச் சின்னப் புத்தகம் வேண்டும், ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கான புத்தகம் வேண்டாம். பதினைந்து வயதுக்காரர் கையில் ஒன்பது வயதுக் கதையைக் கொடுத்தால் அவமானமாகத்தான் இருக்கும். எடின்பரோவில் 1998-இல் தொடங்கிய பாரிங்டன் ஸ்டோக் என்ற பதிப்பகம் இதற்காகவே டிஸ்லெக்சியா (எழுத்துகளைப் படிப்பதில் சிரமம் தரும் கற்றல் குறைபாடு) உள்ளவர்களுக்கு ஏற்ற எழுத்துருவில், கண்ணை உறுத்தாத தாளில், வயதுக்குத் தகுந்த விஷயத்தை எளிய நடையில் போடுகிறது. வாசிப்பே தடுமாற்றம் என்றால் அங்கிருந்து தொடங்குங்கள்.

எந்த மொழியில் படிப்பது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். எந்த மொழியில் தடங்கலில்லாமல் கண் ஓடுகிறதோ, முதல் புத்தகம் அந்த மொழியில்தான் இருக்க வேண்டும். இங்கிலீஷ் கற்றுக்கொள்ளட்டும், தமிழ் மறக்காமல் இருக்கட்டும் என்ற நல்ல நோக்கங்களை எல்லாம் நாலாவது, ஐந்தாவது புத்தகத்துக்கு ஒத்திப்போடுங்கள்.

என்ன படித்தாய் என்று கேட்காதீர்கள், என்ன பார்த்தாய் என்று கேளுங்கள்

"உனக்கு எந்த மாதிரிப் புத்தகம் பிடிக்கும்?" என்று கேட்டால் தோளைக் குலுக்குவதுதான் பதில். "கடைசியாக முழுசாகப் பார்த்த சீரிஸ் எது? அதில் எந்த இடத்தில் நிறுத்தவே முடியவில்லை?" என்று கேட்டுப் பாருங்கள். கேம் விளையாடுபவரிடம், "அதில் ஜெயிப்பது பிடிக்குமா, சுற்றித் திரிவது பிடிக்குமா, கூட விளையாடும் ஆட்கள் பிடிக்குமா?" என்று கேளுங்கள். இப்படிக் கேட்டால் பேசுவார்கள்.

பேசும்போது எதைக் கவனிப்பது? அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல், வாசகர் ஒரு புத்தகத்துக்குள் நுழைய நான்கு வாசல்கள் உண்டு என்கிறார்: கதை, பாத்திரம், களம், மொழி. அறிவியல் புனைகதையை நேசிக்கும் பெரியவர்கள் பெரும்பாலும் களத்தின் வழியாக உள்ளே போனவர்கள். அந்தக் கிரகம், அந்தப் பேரரசு, அந்தத் தொழில்நுட்பம் என்று உருகுவார்கள். பரிந்துரைக்கும்போதும் அதே வாசலைத்தான் காட்டுவார்கள். ஆனால் படிக்கப் பிடிக்காத பிள்ளை பெரும்பாலும் கதை வாசலில், அல்லது பாத்திர வாசலில் நிற்கிறது. "அடுத்து என்ன ஆச்சுன்னு தெரியணும்" என்று சொன்னால் கதை. "அந்த ஆளை ரொம்பப் பிடிக்கும், அவன் பேசுறதே சூப்பர்" என்றால் பாத்திரம். அந்த வாசலுக்கு ஏற்ற புத்தகத்தை எடுங்கள். உங்களுக்குப் பிடித்த புத்தகத்தை இந்தக் கட்டத்தில் மறந்துவிடுவது நல்லது.

முதல் இருபது பக்கத்தை நீங்களே படித்துச் சோதியுங்கள்

இந்த வேலையை இன்னொருவரிடம் விடாதீர்கள். பின்னட்டையில் "மின்னல் வேகம்" என்று போட்டிருப்பதை நம்ப முடியாது. வெடிகுண்டும் துரத்தலும் இருந்தால் வேகம் என்று அர்த்தம் இல்லை. யாரென்றே தெரியாத ஒருவர் துரத்தப்பட்டால் படிப்பவருக்கு ஒன்றும் ஆகாது. பக்கத்தைப் புரட்ட வைப்பது பதில் தெரியாத ஒரு கேள்வி. அதனால் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, யாருக்கு என்ன வேண்டும், எதை இழக்கப்போகிறார் என்பது எந்தப் பக்கத்தில் தெரிகிறது? 'த ஹங்கர் கேம்ஸ்' (சூசன் காலின்ஸ், 2008) இதற்குப் பாடப்புத்தகம் போன்றது. முதல் பக்கத்திலேயே தங்கை மீது ஒரு பெண்ணுக்கு இருக்கும் பாசம் தெரிகிறது. முதல் அத்தியாயத்தின் கடைசி வரியில் மரண விளையாட்டுக்கான குலுக்கலில் அந்தத் தங்கையின் பெயர் வருகிறது. அந்த இடத்தில் புத்தகத்தை மூடுவது சிரமம்.

இரண்டு, புதுச் சொற்களின் எண்ணிக்கை. 'ட்யூன்' (ஃபிராங்க் ஹெர்பர்ட், 1965) மகத்தான நாவல். முதல் அத்தியாயத்திலேயே உயிரைப் பணயம் வைக்கும் ஒரு சோதனை வருகிறது, காட்சியும் அற்புதம். ஆனால் அதற்குள் பெனே கெஸ்ஸரிட், க்விஸாட்ஸ் ஹேடராக், கோம் ஜப்பார் என்று அடுக்கடுக்காக வருகின்றன. புத்தகத்தின் பின்னால் அகராதியே கொடுக்க வேண்டியிருக்கிறது. பழகிய வாசகருக்கு அது விருந்து. உங்கள் பிள்ளைக்கு இப்போது வேண்டாம்.

புதுச் சொல்லே இருக்கக் கூடாது என்றும் சொல்லவில்லை. 'த மேஸ் ரன்னர்' (ஜேம்ஸ் டாஷ்னர், 2009) நாவலில் பையன்கள் தங்களுக்குள் ஒரு தனிப் பேச்சே வைத்திருக்கிறார்கள். ஆனால் நாயகன் தாமஸ் தன் பெயரைத் தவிர எல்லாவற்றையும் மறந்து, இருட்டு லிஃப்டில் வந்து இறங்குகிறான். அவனுக்கும் ஒன்றும் புரியவில்லை, நமக்கும் புரியவில்லை, இரண்டு பேரும் சேர்ந்தே கற்றுக்கொள்கிறோம். இப்படிப் புரியாமை நாயகனுக்கும் பொதுவாக இருந்தால் சுமை பாதியாகிவிடும்.

மூன்று, அத்தியாயத்தின் நீளமும் அது முடியும் விதமும். வார இதழ்த் தொடர்கதை படித்தவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும்: 'தொடரும்' என்று போட்ட இடத்தில்தான் எழுத்தாளரின் திறமை இருக்கும். 'த மேஸ் ரன்னர்' 62 சின்ன அத்தியாயங்கள். ஒன்று முடிக்கப் பத்து நிமிஷம் போதும். மெதுவாகப் படிப்பவருக்கு "ஒரு அத்தியாயம் முடித்துவிட்டேன்" என்ற நிம்மதி அடிக்கடி கிடைக்க வேண்டும்.

நடை கடினமா என்று சந்தேகம் வந்தால் பழைய ஐந்து விரல் சோதனை இருக்கவே இருக்கிறது. நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லி, தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கச் சொல்லுங்கள். பக்கம் முடிவதற்குள் ஐந்தும் மடங்கினால் அந்தப் புத்தகம் பிறகு. வேண்டுமென்றே உருவாக்கிய சொற்களை இதில் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஆளைப் பார்த்துப் புத்தகம்

உயிர் பிழைக்கும் போட்டி, சர்வைவல் கேம் என்று பேசுபவருக்கு 'த ஹங்கர் கேம்ஸ்'. படம் பார்த்துவிட்டார் என்றால் 'சைத்' (நீல் ஷஸ்டர்மன், 2016). இதில் மரணத்தையே ஒழித்துவிட்டார்கள். மக்கள்தொகையைக் கட்டுப்படுத்த, ஆட்களைத் தேர்ந்தெடுத்துக் கொல்லும் உரிமை பெற்றவர்கள் மட்டும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் மாலை நேரத்தில் சிட்ரா என்ற பெண்ணின் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். யாரைக் கொல்ல வந்திருக்கிறார் என்று சொல்லவில்லை. வீட்டார் நடுங்கிக்கொண்டே அவருக்குச் சாப்பாடு போடுகிறார்கள். துப்பாக்கி இல்லை, ஓட்டம் இல்லை, ஒரு மேஜையைச் சுற்றி நான்கைந்து பேர். ஆனாலும் மூச்சு விடாமல் படிக்க வைக்கும். வேகம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இந்த அத்தியாயத்தைத்தான் காட்டுவேன்.

பள்ளிக்கூட அறிவியல் பிடிக்கும், கதை பிடிக்காது என்பவருக்கு 'த மார்ஷியன்'. ஆண்டி வியர் தன் சொந்த வலைத்தளத்தில் அத்தியாயம் அத்தியாயமாகப் போட்டு, 2011-இல் தானே வெளியிட்ட நாவல். செவ்வாயில் தனியாக மாட்டிக்கொண்ட ஒருவர் எழுதும் நாட்குறிப்பு. ஒரு சிக்கல், அதற்கு ஒரு கணக்கு, ஒரு விடை, உடனே அடுத்த சிக்கல். கெட்ட வார்த்தைகள் தாராளம். அவற்றை நீக்கிப் பள்ளிகளுக்கென்று வந்த தனிப் பதிப்பும் இருக்கிறது.

பக்கம் நிறைய எழுத்தைப் பார்த்தாலே மிரளுபவருக்கு 'இல்யூமினே' (எமி காஃப்மன், ஜே கிறிஸ்டாஃப், 2015). 600 பக்கம் என்று தயங்காதீர்கள். முழுக் கதையும் சாட், மின்னஞ்சல், விசாரணைக் குறிப்பு, கப்பல் கணினியின் பதிவு என்றே போகிறது. சில பக்கங்களில் பத்துப் பதினைந்து சொற்கள்தான் இருக்கும், அவையும் படம் போலச் சுழன்றுகொண்டிருக்கும். காதலனை விட்டுப் பிரிந்த அதே நாளில் ஒரு பெண்ணின் கிரகமே தாக்கப்படுகிறது, அங்கே ஆரம்பம். "600 பக்கம் படித்தேன்" என்று சொல்லிக்கொள்ளும் பெருமையையும் சாதாரணமாக நினைக்காதீர்கள்.

ஆளைப் பிடித்தால்தான் கதை பிடிக்கும் என்பவருக்கு 'ஆல் சிஸ்டம்ஸ் ரெட்' (மார்த்தா வெல்ஸ், 2017). சுமார் 150 பக்கக் குறுநாவல், அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ, நெபுலா இரண்டு விருதும் பெற்றது. தன்னைக் கட்டுப்படுத்தும் கருவியைத் தானே முறியடித்துவிட்ட ஒரு காவல் இயந்திரம். விடுதலை கிடைத்ததும் அது செய்ய விரும்புவது தொடர் நாடகங்கள் பார்ப்பது. மனிதர்கள் தன்னிடம் பேசவே கூடாது என்று அது தவிக்கும் தவிப்பு, கூட்டத்தைக் கண்டாலே ஒதுங்கும் பதின்பருவத்தினருக்கு அப்படியே புரியும். இதே நீளத்துக்குள், அல்லது இன்னும் சிறிதாக வேண்டும் என்றால் நெடி ஒகோராஃபோரின் 'பின்டி' (2015).

எதார்த்தமான கஷ்டம், உழைக்கிற பிள்ளைகள், துரோகம் என்று கேட்பவருக்கு 'ஷிப் பிரேக்கர்' (பாவோலோ பாசிகலுபி, 2010). கைவிடப்பட்ட கப்பல்களின் குழாய்களுக்குள் ஊர்ந்துபோய்ச் செம்புக் கம்பி உருவும் பையன் நெய்லர். உள்ளேயே எண்ணெய்த் தேக்கத்தில் விழுந்து மூழ்கத் தொடங்குகிறான், மேலே நிற்கும் கூட்டாளிப் பெண் காப்பாற்றலாமா விட்டுவிடலாமா என்று கணக்குப் போடுகிறாள். அதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன்.

தமிழில் படிப்பவருக்கு யோசிக்கவே வேண்டாம், சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடராக வந்ததால் ஒவ்வொரு அத்தியாயமும் கொக்கி போட்டே முடியும். நிலாவின் கணவன் காணாமல் போவதும், ஜீனோ என்ற பேசும் இயந்திர நாய் அவளுக்குத் துணையாவதும் சீக்கிரமே நடந்துவிடும். வாக்கியங்கள் சின்னவை, பேச்சு நிறைய. முடித்தவுடன் 'மீண்டும் ஜீனோ' தயாராக இருக்கட்டும்.

அறிவியல் புனைகதையின் பழைய முன்னோடிகளான எச்.ஜி. வெல்ஸ், ஜூல்ஸ் வெர்ன் பற்றி ஒரு வார்த்தை. எச்.ஜி. வெல்ஸின் 'த டைம் மெஷின்' (1895) பக்க அளவில் சின்னதுதான், ஆனால் அதன் வாக்கியங்கள் அந்தக் காலத்து நிதானத்தில் போகின்றன. அவர்களை மதிக்கிறேன், அதனாலேயே முதல் புத்தகமாகக் கொடுத்து அவர்கள் பெயரைக் கெடுக்க எனக்கு மனமில்லை.

கொடுப்பதற்கு முன் உள்ளடக்கம்

பதின்மூன்று வேறு, பதினேழு வேறு. 'எண்டர்ஸ் கேம்' (ஆர்சன் ஸ்காட் கார்ட், 1985) ஆறு வயதுச் சிறுவனில் தொடங்குவதால் சிறுவர் கதை என்று நினைத்துவிடுவார்கள். அதில் பிள்ளைகளுக்குள் நடக்கும் வன்முறை கடுமையானது. ஷஸ்டர்மனின் 'அன்வைண்ட்' (2007) வேகத்தில் யாருக்கும் சளைத்ததில்லை. ஆனால் ஒரு சிறுவன் நினைவோடு இருக்கும்போதே உறுப்பு உறுப்பாகப் பிரிக்கப்படும் அத்தியாயம் பெரியவர்களையே தூங்கவிடாது. வேண்டாம் என்று தடுக்கச் சொல்லவில்லை. "இதில் இப்படி ஒரு இடம் வரும், பிடிக்கவில்லை என்றால் தாண்டிப் போ" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர்களைப் பெரியவர்களாக நடத்துவதும் அதில் அடங்கியிருக்கிறது.

எப்படிப் பேசுவது

மூன்று புத்தகங்களை எடுத்து வையுங்கள். ஒன்றைக் கொடுத்தால் அது கட்டளை, பத்தைக் கொடுத்தால் வேலை. மூன்றில் ஒன்று கட்டாயம் சின்னதாக இருக்கட்டும்.

ஒவ்வொன்றுக்கும் இரண்டே வாக்கியம் சொல்லுங்கள். இக்கட்டைச் சொல்லி, கேள்வியில் நிறுத்துங்கள். "ஒருத்தன் செவ்வாயில் தனியாக மாட்டிக்கொண்டான், பூமியில் எல்லோரும் அவன் செத்துவிட்டான் என்று நினைக்கிறார்கள். சாப்பாடு சில மாசத்துக்குத்தான், அடுத்த கப்பல் வர வருஷக்கணக்காகும்." அவ்வளவுதான். "அறிவியல் அறிவு வளரும்", "விருது வாங்கிய புத்தகம்", "உன் வயதில் நான்" இவை மூன்றையும் சொல்லாமல் இருப்பது முக்கியம். கருப்பொருளை விளக்குவதும் வேண்டாம். அடக்குமுறை பற்றிய நாவல் என்று சொன்னால் பாடமாகிவிடும்.

முடிந்தால் முதல் அத்தியாயத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். பதினைந்து வயதுக்கும் இது வேலை செய்யும். புதுப் பெயர்களின் உச்சரிப்பு அப்போதே பழகிவிடுவதால், நான் மேலே சொன்ன சுமை பெரும்பாலும் அங்கேயே கரைந்துவிடும். அத்தியாயம் முடிந்ததும் புத்தகத்தை அங்கே வைத்துவிட்டு எழுந்து போய்விடுங்கள்.

அப்புறம் கேள்வி கேட்காதீர்கள். "எத்தனை பக்கம் முடிச்ச?" என்ற கேள்வி வந்த நிமிஷமே அது வீட்டுப்பாடமாகிவிடும். வகுப்பில் கொடுக்கும் ஆசிரியராக இருந்தால் புத்தக அறிக்கை கேட்காமல் இருக்க முடியுமா என்று யோசியுங்கள். கேட்டே ஆக வேண்டும் என்றால், "யாருக்கு இதைக் கொடுப்பாய், யாருக்குக் கொடுக்க மாட்டாய்?" என்ற ஒரு கேள்வி போதும்.

பாதியில் நிறுத்தும் உரிமை

பிரெஞ்சு எழுத்தாளர் தானியேல் பெனாக் 1992-இல் வாசகரின் பத்து உரிமைகளைப் பட்டியல் போட்டார். படிக்காமல் இருப்பது, பக்கங்களைத் தாண்டுவது, முடிக்காமல் விடுவது எல்லாம் அதில் உண்டு. புத்தகத்தைக் கொடுக்கும்போதே இந்த உரிமைகளைச் சொல்லிவிடுங்கள். நான்சி பேர்ல் 50 பக்கம் பார்க்கச் சொல்கிறார். படித்துப் பழகாதவருக்கு 50 அதிகம் என்பது என் எண்ணம்; 20 போதும். பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுத்தால் முகம் வாடாமல், "எந்த இடத்தில் விட்டுப்போச்சு?" என்று மட்டும் கேளுங்கள். "யார் யாருன்னே புரியலை" என்றால் சுமை அதிகம், அடுத்தது எளிதாக இருக்கட்டும். "ஒண்ணுமே நடக்கலை" என்றால் வாசல் தப்பு. கைவிட்ட புத்தகம் அடுத்த தேர்வுக்கு அவ்வளவு தகவல் தரும்.

படம், ஆடியோ, சித்திரக் கதை

படம் பார்த்துவிட்டால் புத்தகம் கெட்டுவிடும் என்ற பயம் இந்த வாசகர்களுக்குப் பொருந்தாது. உலகம் ஏற்கெனவே கண்ணில் பதிந்திருப்பதால் சுமை குறைகிறது. கதை தெரிந்திருப்பதே தைரியம் தரும். மாங்கா என்ற ஜப்பானியச் சித்திரக் கதையும் கிராஃபிக் நாவலும் முழு வாசிப்புதான், அதைப் "படிக்கட்டு" என்று தாழ்த்திப் பேச வேண்டாம்.

வாசிப்பில் தடுமாறுபவருக்கு ஆடியோ புத்தகத்தை ஓடவிட்டு, அச்சுப் பிரதியைக் கையில் வைத்துக் கண்ணால் தொடரச் சொல்லுங்கள். ஆண்டி வியரின் 'ப்ராஜெக்ட் ஹெயில் மேரி' (2021) ஆடியோவில் கேட்க வேண்டிய நாவல். ஒரு பாத்திரத்தின் பேச்சு முழுக்க இசைச் சுரங்களால் ஆனது, ஒலிப்பதிவில் அது சுரமாகவே ஒலிக்கிறது. யார் அந்தப் பாத்திரம் என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

இரண்டாவது புத்தகம்

முதல் புத்தகம் முடிந்த அன்றைக்கே அடுத்தது கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். இரண்டு வாரம் கழிந்தால் சூடு ஆறிவிடும். தொடர் நாவல்கள் இதற்குத்தான் பெரிய உதவி: உலகமும் விதிகளும் ஏற்கெனவே தெரியும், இருபது பக்கச் சோதனை மறுபடி தேவையில்லை. 'சைத்' மூன்று பாகம், 'இல்யூமினே' மூன்று பாகம், மார்த்தா வெல்ஸின் காவல் இயந்திரத்துக்குப் பல குறுநாவல்கள். ஒரே தொடரிலேயே மாசக்கணக்கில் கிடக்கிறார் என்றால் கிடக்கட்டும், அவசரப்படுத்தாதீர்கள்.

தொடர் தீர்ந்த பிறகு, கொஞ்சம் நிதானமான ஒன்றை நடுவில் வைத்துப் பாருங்கள். லோயிஸ் லோரியின் 'த கிவர்' (1993) பொருத்தமாக இருக்கும். சின்னது, மொழி தெளிவு, ஆனால் அமைதியாக நகரும்; அந்த ஊரில் ஏதோ சரியில்லை என்ற உணர்வுதான் அதை இழுத்துப் போகிறது. அதில் நின்று படித்தார் என்றால் ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' (1953) பக்கம் போகலாம். நிற்கவில்லை என்றால் திரும்ப வேகமான ஒன்றுக்கே வாருங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. நடுவில் "இந்த மாதிரி, ஆனா பேய்க் கதையா இருக்கா?" என்று கேட்டால் உடனே பேய்க் கதையைத் தேடிக் கொடுங்கள்.